திரையில் டிராக்டர் இல்லை: நான்குவழிச் சாலைப் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

நான்குவழிச் சாலைத் திட்ட அதிகாரிகளுக்கும், அதற்காகக் கணினி சிமுலேஷன் (சாலையில் வண்டிகள் எப்படி ஓடும் என்று கணினிக்குள் ஓட்டிப் பார்ப்பது) செய்துகொடுத்த பொறியாளர்களுக்கும்,

போன மாதம் எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் நடந்த கருத்துக்கேட்புக் கூட்டத்தில் ஒரு படம் போட்டுக் காட்டினீர்கள். வெள்ளைத் திரையில் சாம்பல் நிறச் சாலை. அதன்மேல் கார், பஸ், லாரி, பைக் எல்லாம் சின்னச் சின்னக் கட்டங்களாக ஊர்ந்து போயின. எதுவும் கோட்டை விட்டு விலகவில்லை. நெல் கொள்முதல் நிலையத்துக்கு எதிரே எங்கள் ஊர்ச் சாலை வந்து சேரும் இடத்தில் சென்டர் மீடியனை, அதாவது சாலை நடுவில் உள்ள தடுப்பின் இடைவெளியை, மூடிவிடலாம், வண்டிகள் கிழக்கே இரண்டு கிலோமீட்டர் போய் யூ-டர்ன் எடுத்து வந்துவிடும், பெரிய தாமதம் இருக்காது, விபத்தும் குறையும் என்று விளக்கினீர்கள். இதை வைத்துத்தான் முடிவெடுத்திருக்கிறோம் என்றும் சொன்னீர்கள்.

நான் எழுந்து, "இதில் டிராக்டர் எங்கே சார்?" என்று கேட்டேன்.

"டிராக்டர் எண்ணிக்கை ரொம்பக் குறைச்சல் மேடம், அதனால் லாரியோடு சேர்த்துவிட்டோம்" என்று பதில் வந்தது. அதற்குள் மைக் அடுத்தவர் கைக்குப் போய்விட்டது. அன்று கேட்க முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் இந்தச் சாலை வேண்டாம் என்று சொல்பவள் இல்லை. இருவழிச் சாலையில் பஸ்ஸும் லாரியும் முட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தே வளர்ந்தவள். சிமுலேஷன் என்றால் ஏதோ ஏமாற்று வேலை என்று நினைப்பவளும் இல்லை. பாலிடெக்னிக்கில் சிவில் துறையில் முப்பது வருடம் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவள். போக்குவரத்துப் பொறியியலும் அதில் ஒரு பாடம். நல்ல சிமுலேஷன் என்ன செய்யும் என்று தெரிந்ததால்தான் நீங்கள் காட்டியதை என்னால் ஏற்க முடியவில்லை.

அன்று ஒரு பிரதி மட்டும் வைத்திருந்த அறிக்கையை, கூட்டம் கலைந்த பிறகு மண்டபத்திலேயே உட்கார்ந்து புரட்டினேன். பின்னிணைப்பில் ஒரே ஒரு பக்கத்தில் வாகன எண்ணிக்கை இருந்தது. எண்ணியது மூன்று நாள். மே மாதம், நடுவாரம்.

டெல்டாவில் மே மாதம் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. மேட்டூரை வழக்கப்படி ஜனவரி 28-ல் மூடி ஜூன் 12-ல் திறப்பார்கள். இடையில் வரும் மே மாதத்தில் உளுந்தும் பயறும் எடுத்து முடித்திருப்போம். போர்வெல் வைத்திருப்பவர்கள் சிலர் கோடை நெல் போட்டிருப்பார்கள், அங்கங்கே பருத்தி நிற்கும். மற்றபடி வயல் வெடித்துக் கிடக்கும். டிராக்டர் கொட்டகையில் இருக்கும், கொள்முதல் நிலையக் களத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். அந்த மூன்று நாளில் உங்கள் ஆட்கள் கண்ட டிராக்டர் குறைவுதான், அதில் பொய் இல்லை. ஆனால் அந்த மூன்று நாளை வைத்து வருடம் முழுவதையும் எழுதிவிட்டீர்களே, அதைத்தான் சொல்கிறேன்.

இதற்கு நான் புதிதாக விதி எதுவும் கேட்கவில்லை. ஊர்ப்புறச் சாலைகளில் வாகனம் எண்ணுவதற்கு, சாலைகளுக்கு விதிமுறை வகுக்கும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் என்ற அமைப்பு 1972-லேயே வழிகாட்டி போட்டுவைத்திருக்கிறது. வருடத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் தொடர்ந்து ஏழு நாள், இரவு பகலாக எண்ணச் சொல்கிறது. அதில் ஒரு முறை அறுவடையும் விளைபொருள் விற்பனையும் உச்சத்தில் இருக்கும் காலத்தில் இருக்க வேண்டும், இன்னொன்று மந்தமான காலத்தில். நீங்கள் மந்தமான காலத்தைப் பாதி செய்திருக்கிறீர்கள். அறுவடைக் காலத்தைத் தொடவே இல்லை.

டிராக்டரை லாரியோடு சேர்த்ததும் சரியில்லை. வெவ்வேறு வண்டிகளை ஒரே கணக்கில் கொண்டுவர, கார் ஒன்றுக்குச் சமம் என்று வைத்து மற்றவற்றை அளப்போம். அதே அமைப்பு 1990-ல் வெளியிட்ட அட்டவணையில் பைக்குக்கு அரை, லாரிக்கும் பஸ்ஸுக்கும் 3, டிரெய்லர் பூட்டிய டிராக்டருக்கு 4.5, மாட்டு வண்டிக்கு 8. லாரியாக எண்ணினால் ஒவ்வொரு டிராக்டரிலும் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகிறது. அது காகிதத்தில் நேரும் இழப்பு. கணினிக்குள் அதைவிட அதிகம், ஏனென்றால் அங்கே லாரி லாரியின் வேகத்தில் கிளம்பும், லாரியின் வேகத்தில் ஓடும். மூட்டை ஏற்றிய டிரெய்லர் அப்படிக் கிளம்பாது.

வகுப்பில் இந்தப் பாடத்தை நான் புளியங்கொட்டை வைத்து நடத்துவேன். 1992-ல் ஜெர்மனியில் காய் நாகெலும் மைக்கேல் ஷ்ரெக்கன்பெர்க்கும் கொடுத்த எளிய மாதிரி அது. தரையில் சாக்பீஸால் முப்பது கட்டங்களை வட்டமாகப் போடச் சொல்வேன். ஒரு கட்டம் ஏழரை மீட்டர், நெரிசலில் நிற்கும் ஒரு கார் அடைத்துக்கொள்ளும் இடம். ஒரு கட்டத்தில் ஒரு கொட்டைதான் இருக்கலாம். ஒவ்வொரு ஆட்டமும் ஒரு விநாடி. ஒவ்வொரு கொட்டையும் தன் வேகத்தை ஒரு கட்டம் கூட்டிக்கொள்ளும், ஐந்துக்கு மேல் கூடாது. முன்னால் இடம் இல்லையென்றால் இருக்கும் இடத்துக்குத் தக்கபடி குறைத்துக்கொள்ளும். அப்புறம் தாயக்கட்டையை உருட்டுவோம். குறிப்பிட்ட எண் விழுந்தால் காரணமே இல்லாமல் ஒரு கட்டம் குறைக்க வேண்டும். மனிதர் ஓட்டும் வண்டி அப்படித்தானே? பேச்சு கவனம், கண்ணில் தூசி, சும்மா ஒரு தயக்கம். கடைசியாக எல்லாக் கொட்டைகளையும் நகர்த்த வேண்டும். அவ்வளவுதான் விதி.

ஐந்தாறு கொட்டை இருக்கும்வரை ஜோராகச் சுற்றும். பத்துப் பன்னிரண்டு ஆனதும் எங்கேயோ ஓரிடத்தில் கொத்தாகச் சேரும். குழி இல்லை, ரயில்வே கேட் இல்லை, விபத்து இல்லை, ஆனாலும் நெரிசல். கொட்டைகள் முன்னால் போய்க்கொண்டிருக்க, கொத்து மட்டும் பின்னால் நகர்ந்து வரும். மாணவர்கள் முகத்தில் அந்த நேரத்தில் வரும் ஆச்சரியத்துக்காகவே வருடா வருடம் அதைச் செய்தேன். 2008-ல் யூகி சுகியாமாவும் அவர் குழுவினரும் ஜப்பானில் 230 மீட்டர் வட்டப் பாதையில் 22 கார்களை ஓட்டிக் காட்டியதும் இதைத்தான். எல்லாரும் ஒரே வேகத்தில் போங்கள் என்றுதான் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் தானாகவே ஒரு நெரிசல் பிறந்து பின்னோக்கி ஓடியது.

ஒரு வருடம் ஒரு மாணவி, விவசாயக் குடும்பத்துப் பெண், "டீச்சர், டிராக்டர் வைக்கலாமா?" என்று கேட்டு ஒரு பெரிய மொச்சைக் கொட்டையை இரண்டு கட்டத்துக்கு நடுவில் வைத்தாள். அதற்கு என்ன வேகம் கொடுப்பது என்று எல்லாரும் கணக்குப் போட்டோம். விநாடிக்கு ஒரு கட்டம் என்பதே மணிக்கு 27 கிலோமீட்டர். நெல் ஏற்றிய டிரெய்லர் 15-க்கு மேல் போகாது. அப்படியென்றால் இரண்டு ஆட்டத்துக்கு ஒரு முறைதான் அது நகரலாம். வைத்த சில நிமிடத்தில் வட்டம் முழுவதும் அதன் பின்னால் வரிசை கட்டி நின்றது. தரையில் சாக்பீஸ் கோடு போட்டே எங்களால் டிராக்டரைச் சேர்க்க முடிந்தது. உங்கள் விலையுயர்ந்த மென்பொருளில் முடியாதா?

முடியும். நம் சாலையில் கோடு பார்த்து ஓட்டுபவர்கள் குறைவு, பைக் கிடைத்த சந்தில் நுழையும். மேலை நாட்டு மாதிரிகளை அப்படியே இங்கே போட்டால் பொருந்தாது என்று தெரிந்துதான் சென்னை ஐஐடியில் பேராசிரியர் தமிழரசனும் அவரோடு இருந்தவர்களும் இருபது வருடத்துக்கு முன்பே வேறு மாதிரி உருவாக்கினார்கள். சாலையின் முழு அகலத்தையும் ஒரே பரப்பாக வைத்து, ஒவ்வொரு வண்டியையும் அதன் நீள அகலத்தோடு ஒரு செவ்வகமாக ஓடவிட்டார்கள். காசு கொடுக்காமல் யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய சுமோ என்ற ஜெர்மன் மென்பொருளிலும் ஒரு தடத்தைப் பக்கவாட்டில் பல துண்டாகப் பிரித்து ஓட்டும் வசதி இருக்கிறது. வழி இருந்தும் ஏன் அதில் போகவில்லை என்பதுதான் என் கேள்வி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் அப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கர். வெண்ணாற்றில் ஒரு சட்ரஸில், அதாவது பலகையை ஏற்றி இறக்கித் தண்ணீர் விடும் மதகில்தான், அவருக்கு வேலை. பலகையை ஒரு சுற்று இறக்கினால் மேலே எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரத்தில் தண்ணீர் ஏறும் என்று அளவுக்கல்லைப் பார்க்காமலே சொல்வார். "ஆத்துல தண்ணி போற வேகம் வேற, வெள்ளம் வர்ற வேகம் வேற பாப்பா" என்பார். சின்ன வயதில் எனக்கு அது விளங்கவில்லை. பிறகு படிக்கும்போதுதான் தெரிந்தது, சாலைப் போக்குவரத்துக் கணிதத்தின் வேரே அங்கேதான் இருக்கிறது என்று. 1955-ல் மான்செஸ்டரில் ஜேம்ஸ் லைட்ஹில், ஜெரால்டு விதாம் இருவரும் இரட்டைக் கட்டுரை எழுதினார்கள். முதல் பாகம் நீண்ட ஆறுகளில் வெள்ளம் நகர்வதைப் பற்றி. இரண்டாம் பாகம், அதே கணக்கை நெருக்கமான நீண்ட சாலைகளுக்குப் பொருத்தியது. ஆற்றில் வெள்ளத்தின் முகடு தண்ணீரை முந்திக்கொண்டு போகும். சாலையில் நெரிசலின் அலை வண்டிகளுக்கு எதிராகப் பின்னால் வரும். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்றவர்களுக்கு இது புத்தகம் இல்லாமலே தெரியும். கேட் திறந்து, முதல் வண்டி தண்டவாளம் தாண்டி, நம் பஸ் அசைவதற்குள் எவ்வளவு நேரம் ஆகிறது!

ஆற்றுக் கணக்கில் அப்பா ஒன்றை மட்டும் விடமாட்டார். தண்ணீர் எந்தெந்த வாய்க்காலிலிருந்து வந்து சேர்கிறது, எந்த நாளில் வருகிறது என்று நோட்டில் குறித்துக்கொண்டே இருப்பார். வரத்து தெரியாமல் பலகையைத் தொடமாட்டார். நீங்கள் வரத்தை மே மாதத்தில் அளந்துவிட்டு ஐப்பசிக்கும் தைக்கும் சேர்த்துப் பலகையை இறக்குகிறீர்கள்.

சரி, மீடியனை மூடினால் உண்மையில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன்.

எங்கள் வயல்கள் சாலைக்கு வடக்கே. கொள்முதல் நிலையம் தெற்கே, நேர் எதிரில். அறுப்பு நாளில் வயலில் கதிர் அறுக்கும் இயந்திரம் ஓடும். அதன் வாடகை மணிக் கணக்கு, மணிக்கு இரண்டாயிரத்துக்கு மேல். இயந்திரத்தின் தொட்டி நிறைந்ததும் வரப்போரம் நிற்கும் டிரெய்லரில் நெல்லைக் கொட்டும். டிரெய்லர் நிறைந்ததும் டிராக்டர் சாலையைக் கடந்து களத்தில் கொட்டிவிட்டுத் திரும்பும். டிராக்டர் வரும்வரை இயந்திரம் நின்றால் அதற்கும் காசு. உங்கள் யூ-டர்ன் வழியில் ஏற்றிய டிராக்டர் ஒரு நடைக்கு 4 கிலோமீட்டர் கூடுதலாகப் போக வேண்டும். 15 கிலோமீட்டர் வேகத்தில் அது 16 நிமிடம். ஆறு நடை அடித்தால் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். மழை வருகிறது என்று செய்தி வந்தால் ஊரே ஒரே நாளில் அறுக்கும். 2023 பிப்ரவரி முதல் வாரத்தில் பருவம் தவறிப் பெய்த மழையில் எங்கள் சம்பா சாய்ந்து முளைவிட்டது. அரசு தளர்வு தராவிட்டால், நெல்லில் ஈரம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். அந்த நிலையில் ஒன்றரை மணி நேரம் ஒரு குடும்பத்துக்கு என்ன என்பது உங்கள் சராசரித் தாமதத்தில் தெரியாது. அந்தச் சராசரி, நேராகப் போகும் ஆயிரம் கார்களோடு எங்கள் டிராக்டரையும் சேர்த்து வகுத்தது.

அதனால் என்ன ஆகும்? மேற்கே 600 மீட்டரில், வாய்க்கால் பாலத்தருகே ஒரு திறப்பு விடப்போகிறீர்கள். எங்கள் பையன்கள் எதிர்த்திசையில் அந்த 600 மீட்டர் போய்த் திரும்பி வருவார்கள். இதை நான் யூகித்துச் சொல்லவில்லை. வேலை முடிந்துவிட்ட பக்கத்து ஊர்ப் பகுதியில் இப்போதே இதுதான் நடக்கிறது. போன தை மாதம் இரவு ஏழரை மணிக்கு அங்கே பைக்கில் வந்த என் சித்தப்பா மகன், எதிர்த்திசையில் விளக்கில்லாமல் வந்த டிரெய்லரில் மோதினான். வலது காலில் இரண்டு இடத்தில் முறிவு. மூன்று மாதம் படுக்கையில் கிடந்தான். டிராக்டர் ஓட்டியவன் எங்கள் தெருப் பையன்தான். ஆஸ்பத்திரிக்கு முதலில் ஓடிவந்தவனும் அவன்தான். "அக்கா, சுத்திக்கிட்டு வந்தா மெஷின்காரர் கிளம்பிடுவாருக்கா" என்று அழுதான். தப்பு செய்தான், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் சிமுலேஷனில் ஒரு வண்டிகூட எதிர்த்திசையில் போகாது. போகும்படி நீங்கள் எழுதவில்லை. அதனால்தான் அதில் விபத்து குறைகிறது.

அதற்காக இடைவெளியைத் திறந்தபடியே விட்டுவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. கையில் போனை வைத்துக்கொண்டு நானே நேரம் பார்த்தேன். ஏற்றிய டிரெய்லர் சாலையின் ஒரு பாதியைக் கடந்து வால் விலக ஏறக்குறைய 12 விநாடி. 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் அந்த நேரத்தில் 330 மீட்டர் கடந்துவிடும். கரையோரம் வளைந்து வரும் எங்கள் சாலையில் அவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரியாது. மீடியன் நடுவில் நிற்கலாம் என்றால் டிரெய்லரின் பின்பாதி சாலையில் நீட்டிக்கொண்டு நிற்கும். திறந்திருப்பதும் ஆபத்து, வெறுமனே மூடுவதும் ஆபத்து. டிராக்டரைச் சேர்த்து ஓட்டிப் பார்த்திருந்தால் இது உங்களுக்கே அன்றைக்கே தெரிந்திருக்கும்.

விட்டுப்போனவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆகஸ்ட் 29-ல் வேளாங்கண்ணியில் கொடியேறும், செப்டம்பர் 8 வரை திருவிழா. அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே காவி உடுத்தியவர்கள் கூட்டம் கூட்டமாக இந்தச் சாலையோரம் நடந்து போவார்கள். வெயிலுக்குப் பயந்து பெரும்பாலும் இரவில்தான் நடை. எங்கள் வீட்டுத் திண்ணையில் தண்ணீர்ப் பானை வைப்போம். கைக்குழந்தையோடு வருபவர்கள் உண்டு. உங்கள் திரையில் ஒரு மனிதர்கூட நடக்கவில்லை.

இப்போது கேட்க வேண்டியதைக் கேட்கிறேன்.

மீடியனை மூடும் முடிவை, மறு ஆய்வு முடியும்வரை நிறுத்தி வையுங்கள். குறுவை அறுப்பு நடக்கும் புரட்டாசி, ஐப்பசியில் ஏழு நாளும், சம்பா அறுப்பு நடக்கும் தை, மாசியில் ஏழு நாளும், இரவு பகலாக எண்ணுங்கள். டிராக்டர், டிரெய்லர், அறுவடை இயந்திரம், அதை ஏற்றிவரும் லாரி, மாட்டு வண்டி, சைக்கிள், நடப்பவர்கள் எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும். திருவிழா நாட்களில் இரவு எண்ணிக்கை ஒன்று தனியாக வேண்டும்.

சிமுலேஷனில் என்னென்ன எண்களைக் கொடுத்தீர்கள், எந்த மாதிரியைப் பயன்படுத்தினீர்கள், எங்கள் சாலையில் அளந்த எந்த வேகத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தீர்கள் என்பதை ஊராட்சி அலுவலகத்தில் தமிழில் வையுங்கள். தாயக்கட்டை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி விழாது என்பதால் ஒரு முறை ஓட்டிய படம் போதாது. எத்தனை முறை ஓட்டினீர்கள், மிக மோசமான ஓட்டத்தில் என்ன ஆனது என்பதும் அதில் இருக்க வேண்டும். டிராக்டரின் தாமதத்தைத் தனி வரியில் காட்டுங்கள், காரோடு கலக்காதீர்கள்.

எதிர்த்திசையில் போகும் வண்டிகளைச் சேர்த்தும் ஒருமுறை ஓட்டுங்கள். எவ்வளவு பேர் அப்படிப் போகிறார்கள் என்பதைப் பக்கத்து ஊரில் ஒரு நாள் நின்றாலே எண்ணிவிடலாம்.

மூன்று வழிகளை ஒப்பிட்டுக் காட்டுங்கள்: மூடுவது மட்டும், இரு பக்கமும் இருதிசைச் சர்வீஸ் ரோடு போட்டு மூடுவது, சர்வீஸ் ரோடோடு கீழ்ப்பாலம் கட்டுவது. கீழ்ப்பாலம் என்றால் அறுவடை இயந்திரத்தை ஏற்றிய லாரி நுழையும் உயரம் வேண்டும். பள்ளம் தோண்டிக் கட்டுவது எங்கள் மண்ணுக்கு ஆகாது, ஐப்பசி மழையில் குளமாகி நிற்கும். சாலையைத்தான் உயர்த்த வேண்டும். உயர்த்தும்போது வடிகால்களை அடைக்காமல், தண்ணீர் போகப் போதுமான பாலக் கண் விட வேண்டும், இல்லையென்றால் வடக்கே இருக்கும் வயல் எல்லாம் மூழ்கும்.

அடுத்த கூட்டத்தைச் சம்பா அறுப்பு முடிந்தபின் வையுங்கள். டிராக்டர் ஓட்டுபவர்களையும் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குபவர்களையும் கூப்பிடுங்கள். போன கூட்டம் நடந்த நேரத்தில் அவர்கள் எல்லாரும் வேலையில் இருந்தார்கள்.

எண்ணுவதற்கு ஆட்கள் வரும்போது எங்களுக்கு ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லுங்கள். கொள்முதல் நிலைய வாசலில் தூங்குமூஞ்சி மரம் ஒன்று இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் ஊர்ச் சாலையும் பெரிய சாலையும் சேரும் இடம் மறைப்பில்லாமல் தெரியும். இரவுக்கு மின்விளக்கு இணைப்பும் சாப்பாடும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். என்னிடம் படித்த பிள்ளைகள் நான்கு பேர் கூட உட்கார்ந்து எண்ணத் தயாராக இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சிவில் துறை விரிவுரையாளர் ஒருவர்,
வெண்ணாற்றங்கரை